கேள்வி கேட்காத பெட்டியோடு கொஸ்லந்தைக்கு

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கிய முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில் இல்லை. பெரியப்பாவின் மகள் நிரோஷா அக்காவோடு பதுளையிலிருந்து லுணுகலைக்கும், மறுநாள் கொஸ்லந்தைக்கும் போய் வந்தேன். நீர்வீழ்ச்சி பார்க்கப் போகவில்லை, கம்ப்யூட்டர்களுக்கு இயங்குதளம் போடப் போனோம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். போன பதிவுக்குக் கீழே வந்த பின்னூட்டங்களைப் பார்த்தால், தேயிலைத் தோட்டப் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறவர்களும் அவர்களுக்கு உதவி செய்யப் போகிறவர்களும் இதை வாசிக்கிறார்கள் என்று தெரிகிறது. நாங்கள் செய்த பிழையை அவர்கள் செய்யக் கூடாது. அதற்காகவே நேரம், தூரம், செலவு எல்லாவற்றோடும் எழுதுகிறேன்.

முதலில் அக்காவைப் பற்றி. பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். லுணுகலை, தெமோதரை, கொஸ்லந்தை ஆகிய மூன்று இடங்களிலும் தோட்டப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் மூன்று சிறு நிலையங்களுக்குப் பாவித்த கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்திருந்தன. ஒவ்வொரு நிலையத்துக்கும் நாலு கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும். சர்வர் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். பாடங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அந்த அறையில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கு இணையம் இல்லாமலே கொடுக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

பாடங்கள் எங்கிருந்து வரும் என்பதுதான் முக்கியம். கொஸ்லந்தை நிலையத்தை நடத்துபவர் ஜெயந்தி டீச்சர். அரசாங்க ஆசிரியர் இல்லை. உயர்தரம் முடித்துவிட்டுத் தன் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் கற்பிக்கிறார். சாதாரண தர விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் இரண்டு வருடமாகப் பாடம் பாடமாகத் தமிழில் தட்டச்சு செய்து, படங்களும் வரைந்து வைத்திருந்தார். அதெல்லாம் அங்கிருந்த ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. கொஞ்ச நாளாக அது கரகரவென்று சத்தம் போடுகிறது என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அது நின்றுபோகும் முன் பாடங்களைப் பிரதி எடுத்துப் புதிய சர்வரில் வைக்க வேண்டும். மற்ற இரண்டு நிலையங்களுக்கும் அதையே கொடுக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. கொஸ்லந்தையில் மற்ற வேலையெல்லாம் பிரதி எடுத்த பிறகுதான்.

இயங்குதளம் போடுவது என்பது வழக்கமாக அலுப்பான வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முன்னால் உட்கார்ந்து எந்த மொழி, எந்த நேரவலயம், எந்த விசைப்பலகை, வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) எவ்வளவு இடம் என்று அது கேட்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதினைந்து கம்ப்யூட்டருக்கும் அப்படிச் செய்தால் விடுமுறை முடிந்துவிடும். கை தவறி ஒன்றில் ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒரே மாதிரியும் இருக்காது. அதனால் அக்கா ஒரு விடைக் கோப்பு எழுதியிருந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதிலே இருக்கும். அதை ஒரு மடிகணினியில் வைத்து, அதிலிருந்து கேபிள் வழியாக எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைத்துவிட்டால் போதும். வட்டில் ஒன்றும் இல்லாத கம்ப்யூட்டரை ஆன் செய்தால், அது கேபிள் பக்கம் திரும்பி "எனக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். மடிகணினி இயங்குதளத்தையும் விடைகளையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்றேன்.

"அதேதான். ஒரு கேள்விகூட கேக்காது. நீ பாட்டுக்குப் புத்தகம் வாசிச்சுக்கிட்டு இருக்கலாம்" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பதுளையில் பஸ் ஏறினோம். லுணுகலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பசறையைத் தாண்டும் வரை இருக்கை கிடைக்கவில்லை. வளைவுகளில் நின்றுகொண்டே மடிகணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவது ஒரு கலை. பசறைக்குப் பிறகு மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் வருகின்றன. தேயிலை கொஞ்ச நேரம் மறைந்து, லுணுகலை நெருங்கும்போது திரும்ப வந்துவிடுகிறது. எட்டரைக்கு இறங்கினோம். சனிக்கிழமை என்பதால் கடைவீதி முழுக்கத் தோட்டத்து ஆட்கள். நிலையம் கடைவீதியிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

அங்கே ஐந்தும் அழகாக வேலையைத் தொடங்கின. இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துத் தாமாகவே அணைந்து எழுந்தன. எழுந்தவுடன் மறுபடி முதலிலிருந்து இயங்குதளம் போடத் தொடங்கின! நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"அக்கா, இது முடிஞ்சதுதானே?"

"முடிஞ்சது."

"திரும்பப் போடுதே."

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கம்ப்யூட்டர்கள் எழும்போது முதலில் கேபிள் பக்கம் பார்க்கும்படி அவர் அமைத்திருந்தார். கேபிள் பக்கம் மடிகணினி இன்னும் கொடுக்கத் தயாராக இருந்தது. கேட்டால் கொடுக்கும், கொடுத்ததை நினைவில் வைக்காது. இப்படியே விட்டிருந்தால் ராத்திரி வரை போட்டுக்கொண்டே இருந்திருக்கும். முதலில் தன் வட்டைப் பார், அதில் ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் கேபிளைப் பார் என்று ஐந்திலும் மாற்றினோம். சிக்கல் தீர்ந்தது. மதியம் ஒன்றரைக்கு லுணுகலையில் சோறு சாப்பிட்டுவிட்டுப் பதுளை பஸ் பிடித்தோம். இந்த மாற்றம்தான் எங்களைக் காப்பாற்றும் என்று இருவருமே நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் நேரத்தோடு எழும்ப வேண்டியிருந்தது. ஐந்து ஐம்பதுக்குப் பதுளையில் ஏறி, ஏழு மணிக்குப் பிறகு பண்டாரவளையில் இறங்கி, வெல்லவாய போகிற பஸ்ஸில் மாறினோம். அது அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள். இடது பக்கம் மலை, அங்கங்கே மண்சரிவு எச்சரிக்கைப் பலகைகள். வலது பக்கம் நிலம் முழுவதும் கீழே போய்விடுகிறது. தெற்கே சமவெளி வரைக்கும் தெரிகிறது. அப்புத்தளையில் காதை மூடிக்கொண்டிருந்தவர்கள் கொஸ்லந்தைக்கு வரும்போது சுவெட்டரைக் கழற்றிவிடுவார்கள்.

ஒன்பது மணிக்குக் கொஸ்லந்தைக் கடைவீதியில் இறங்கினோம். தோட்டம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே. ஞாயிற்றுக்கிழமை மேலே பஸ் இல்லை. ஓட்டோ நிறுத்தத்தில் முதலாவதாக இருந்தவர் ரிஸ்வான் நானா. தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார், அந்தப் பாதைக்கு அது நியாயம்தான். கேபிள்களும் சில்லறைச் சாமான்களும் இருந்த எங்கள் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது அதை ஆட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, கோயிலுக்கு சவுண்ட் செட்டா?"

"இல்ல நானா, கம்ப்யூட்டர் சாமான்."

"நான் சந்தோசப்பட்டேன். போன வருசம் திருவிழாவுக்குக் கொண்டுபோன செட்டு மூணு நாள் பாடிச்சு. இது பாடாதே?"

"இது பேசவே பேசாது" என்றார் அக்கா.

நிலையம் பழைய பிள்ளைக் காம்பராவில் இருக்கிறது. அம்மாமார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. புதியது கட்டியதும் இதை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். கீழே தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு வரிசை லயங்கள், மேலே தேயிலை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குளித்துத் தலை சீவி நின்றார்கள். ஜெயந்தி டீச்சர் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். நான் நினைத்ததைவிட மிகவும் இளம் வயது. சிரித்தால் பிள்ளைகளில் ஒருவர் மாதிரி இருக்கிறார்.

"வாங்க மிஸ், வாங்க தங்கச்சி. பஸ்ல நின்னுக்கிட்டேவா வந்தீங்க? எல்லாம் ரெடி. நீங்க போன்ல சொன்ன மாதிரி எல்லாத்துக்கும் நேத்தே கேபிள் மாட்டி வச்சுட்டேன்."

உள்ளே மேசைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கம்ப்யூட்டர், அதன் மேல் பூப்போட்ட துணி. அக்கா மடிகணினியை மூலையில் வைத்து ஆன் செய்தார், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் இணைப்புப் பெட்டியில் அதன் கேபிளைச் செருகினார், அதில் பச்சை விளக்குகள் சிமிட்டின. பாடங்களைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்த வெளிவட்டைப் பையிலிருந்து எடுக்கக் குனிந்தார். டீச்சர் விடவில்லை.

"மொதல்ல தேத்தண்ணி. ரொட்டி சூடா இருக்கு. வேலை எங்கயும் ஓடிறாது மிஸ்."

தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே தேத்தண்ணி குடிக்காமல் வேலை தொடங்குவது மரியாதையில்லை. மறுத்தால் உண்மையிலேயே மனம் நோகும். அக்கா வெளிவட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். பின்னறையில் சூடான ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தன. நான் இரண்டாவது ரொட்டியை எடுத்த நேரத்தில் முன்னறையிலிருந்து கூச்சல் வந்தது.

"டீச்சர்! எல்லாம் வேலை செய்யுது! பழசுலயும் வருது! தமிழ்ல எழுத்து வருது டீச்சர்!"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து வருவதற்குள் அவர் முன்னறையில் இருந்தார். துணிகள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேசைகளில் ஐந்து அல்ல, ஆறு திரைகள் ஒளிர்ந்தன. ஆறாவது பழைய கம்ப்யூட்டர். அதன் திரையில் "கோப்புகள் பிரதி செய்யப்படுகின்றன" என்று எழுதி, கீழே ஒரு கோடு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அக்கா சுவரிலிருந்த மின்சார வயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

நடந்தது இதுதான். தேத்தண்ணிக்குப் போன மிஸ்மார் வந்து காத்திருக்கக் கூடாது என்று டீச்சர் தான் பின்னறைக்கு வரும் முன் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் ஆன் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பழையதையும் அவர்தான் கேபிளில் இணைத்திருந்தார். அதன் வட்டு குளிர் நாளில் முதல் தடவையில் எழும்பாது. அதனால் ஒவ்வொரு நாளும் வகுப்பு தொடங்கும்போது இரண்டு தடவை ஆன் செய்வது அங்கே பழக்கம். அன்றைக்கு முதல் தடவை வட்டு எழும்பாததால், வட்டில் ஒன்றும் இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கேபிள் பக்கம் திரும்பிக் கேட்டது. மடிகணினி கொடுத்தது. அதற்குள் வட்டு விழித்துக்கொண்டது. வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று விடைக் கோப்பில் எழுதியிருந்தது. அது யாரிடமும் கேட்கவில்லை.

டீச்சர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பினார்.

"டீச்சர், பாடம் எல்லாம் இதுலதானே? வேற எங்கயாச்சும் ஒரு காப்பி இருக்கா?"

"ஒரு பென் ட்ரைவ்ல இருந்துச்சு. போன மழையில நனஞ்சு கெட்டுப்போச்சு. நீங்க வரத்தானே போறீங்கன்னு..." அவர் நிறுத்திவிட்டார். மெதுவாக வந்து பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். "அழிஞ்சிருச்சா மிஸ்?"

"பார்க்கணும்" என்றார் அக்கா. அவர் குரலிலேயே பதில் இருந்தது.

பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். டீச்சர் யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"நான்தான் மாட்டுனேன்" என்றார் அவர். "இங்க ஒண்ணு பங்கு வச்சா எல்லாக் காம்பராவுக்கும் போகும் மிஸ். கோயில் பொங்கலா இருக்கட்டும், கேக்கா இருக்கட்டும், ஒரு கதவ விட்டுட்டுப் போக மாட்டோம். அஞ்சு புதுசுக்கும் குடுக்குறாங்க, இத்தன நாளா ஒழச்சது இது, இத மட்டும் விட்டா எப்படின்னு நெனச்சேன். இதுக்கும் புதுசா ஒண்ணு கெடச்சா சத்தம் போடாதுன்னு..."

"இல்ல ஜெயந்தி" என்றார் அக்கா. அதுவரை டீச்சர் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் பெயர் சொன்னார். "எல்லாத்துக்கும் மாட்டுங்கன்னு சொன்னது நான். கேக்காம அழிக்கிற மாதிரி எழுதுனதும் நான். நீங்க பங்கு வச்சீங்க. அதுல என்ன தப்பு?"

அக்கா வட்டைக் கழற்றி இன்னொரு கேபிளால் மடிகணினியில் இணைத்து, அழிந்த கோப்புகளைத் தேடும் நிரலை ஓட்டினார். தவளையின் உள்ளுறுப்புகள் பாதியாக ஒரு படம், தலைப்பு மட்டும் உள்ள ஒரு பக்கம், எதோடும் சேராத நாலு வரி. இவ்வளவுதான் வந்தது. பதினோரு மணிக்கு வட்டு டக் டக் என்று இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது. மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களும் அழகாக முடித்து "தயார்" என்று காட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. போய் ஐந்து திரைகளையும் அணைத்தேன்.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து துஷாந்தி முன்னால் வந்தாள். பதினோராம் தரம், இரட்டைப் பின்னல், கொஞ்சம் துணிச்சல்காரி.

"டீச்சர், ஏசமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு."

"மின்னியல் பாடம் எங்கம்மா போன்ல இருக்கு."

"போன்லயா? எப்படி?"

"நீங்க போர்ட்ல எழுதத் திரும்புறப்போ ஸ்க்ரீன போட்டோ எடுத்துட்டேன். வீட்டுல வச்சுப் படிக்கலாம்னு."

"போன் கொண்டாரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்டி!"

"அதான் ஏசமாட்டீங்களான்னு மொதல்லயே கேட்டேன்."

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "என்கிட்ட ஒளித்தொகுப்பு இருக்கு டீச்சர்." அதற்குப் பின்னால், "அமிலமும் காரமும் எங்கண்ணன் போன்ல." ஜெயந்தி டீச்சர் வாங்கிலிருந்து எழுந்துவிட்டார்.

"எல்லார்கிட்டயும் இருக்கா?"

"நித்யாகிட்ட மட்டும் இல்ல டீச்சர். அவ நல்ல புள்ள."

"எனக்கு இவ அனுப்பிட்டா" என்றாள் நித்யா. அறை முழுவதும் சிரித்துவிட்டது. டீச்சரும்தான். சிரித்துக்கொண்டே தாவணி முனையால் கண்ணைத் துடைத்தார். "போங்கடி, ஓடுங்க, போய் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்!"

அவர்கள் லயங்களை நோக்கி ஓடினார்கள். அதற்குள் அக்கா புதிய சர்வரை எழுப்பி, கொண்டுவந்த சிறிய வைஃபை பெட்டியை அதில் இணைத்து, போனிலிருந்து படங்களை நேரே சர்வருக்கு அனுப்ப ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தார். அந்தச் சர்வர் செய்த முதல் வேலை இதுதான். போன்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில போன்களோடு அண்ணன்மாரும் அப்பாமாரும் வந்தார்கள். போனைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

படங்களைப் பாடவாரியாகப் பிரிப்பது என் வேலை. கழுத்து வலிக்க வலிக்கச் செய்தேன். ஒன்றில் பாதித் திரையை ஒரு பெருவிரல் மறைத்திருந்தது. ஒன்று முழுக்கச் சரிவாக இருந்தது. திரையில் யன்னல் வெளிச்சம் விழுந்து மூன்று வரி வெள்ளையாகிவிட்ட பக்கத்தை, இன்னொருத்தி வேறு நாளில் எடுத்த படத்திலிருந்து நிரப்பினோம். ஒருத்தியின் விரல் மறைத்ததை இன்னொருத்தியின் போன் காட்டியது. டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத சொல்லையெல்லாம் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

மின்னியல் மட்டும் வரவில்லை. துஷாந்தியின் அம்மா சரோஜா போனோடு கொஸ்லந்தைச் சந்தைக்குப் போயிருந்தார். அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. ரிஸ்வான் நானா எங்களைத் திரும்பக் கூட்டிப்போக மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், ஒன்றரைக்கே வந்து வெளியே நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைட உம்மாவ எனக்குத் தெரியும். கருவாட்டுக் கடையிலதான் ஈப்பாங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். முக்கால் மணித்தியாலத்தில் சரோஜா அக்காவையும் இரண்டு பை மரக்கறியையும் கொண்டுவந்து இறக்கினார்.

சரோஜா அக்கா இறங்கும்போதே கேட்டார். "எம் போன்ல அப்படி என்னாதான் இருக்கு? போலீஸ் தேடுற மாதிரி தேடி வாராரு இந்த மனுசன்."

"பாடம்மா" என்றாள் துஷாந்தி.

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

நிரோஷா அக்கா போனை வாங்கித் திறந்தார். திரையைத் தள்ளத் தள்ள முடியவே இல்லை. மின்னியல், காந்தம், வெப்பம், கலம் எல்லாம் இருந்தன. மற்றவர்களிடம் ஒழுங்காக இல்லாதவையெல்லாம் இதில் வரிசையாக இருந்தன.

சரோஜா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டி, எடமில்ல எடமில்லன்னு இந்தப் போன் மூணு மாசமா என் உயிர வாங்குது. தேர் படத்த அழிச்சேன். ஒந்தம்பி மொட்ட போட்ட படத்த அழிச்சேன். நேத்து ஒங்கப்பா படத்தையும் அழிக்கப் பாத்தேன். இதுதானா காரணம்?"

"அப்பாதான் வீட்டுலயே இருக்காரே" என்றாள் துஷாந்தி. சரோஜா அக்கா அடிக்கக் கை ஓங்கி, பாதியில் விட்டுவிட்டு, ஜெயந்தி டீச்சர் பக்கம் திரும்பினார். "எடுத்துக்க தாயி. எம்புட்டு வேணுமோ எடுத்துக்க."

மூன்றரைக்கு விஞ்ஞானம் முழுவதும் சர்வரில் இருந்தது. அழகாக இல்லைதான். ஆனால் வாசிக்க முடிந்தது. டீச்சர் ஒவ்வொரு பாடமாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"கணக்கு எங்க?"

நான் திரும்பத் தேடினேன். எல்லாப் போன்களிலிருந்தும் வந்த படங்களில் கணிதப் பாடம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"கணக்க ஒருத்தருமே எடுக்கலையா?"

"டீச்சர், அத யாரு வீட்டுக்குக் கொண்டுபோவா?" என்றாள் நித்யா. நல்ல பிள்ளை என்பதால் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஜெயந்தி டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "சரிதான்" என்றார். "எனக்கே அத எழுதுறப்போ தூக்கம் வந்துச்சு. கணக்கத் திரும்ப எழுதுறேன். இந்தத் தடவ போட்டோ எடுக்கணும்னு தோணுற மாதிரி எழுதுறேன்."

நாலு மணிக்குக் கிளம்பினோம். கடைவீதியில் இறக்கிவிட்டு, காத்திருந்ததற்கும் சந்தைக்குப் போய் வந்ததற்கும் ரிஸ்வான் நானா மேலதிகமாக எதுவும் வாங்கவில்லை. "பாட்டுப் பெட்டி இல்லன்னு சொன்னீங்க. இன்னைக்கு அதவிட நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பண்டாரவளை வரை அக்கா ஓயவில்லை. மடிகணினியை மடியில் திறந்து வைத்து, பஸ் குலுங்கக் குலுங்க விடைக் கோப்பில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் கடை முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மூன்று நிலையங்களுக்கும் ஒவ்வொரு வெளிவட்டு வாங்கித் தர அவர் சம்மதித்தார்.

அடுத்த சனிக்கிழமை, மீட்ட பாடங்களோடு தெமோதரைக்குப் போனோம். பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்தான். அங்கே பெட்டி கேள்வி கேட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் திரையிலும் இயங்குதளம் போடும் முன், "இதில் இருப்பதெல்லாம் அழியும். இதில் இருப்பவை யாருடையவை? பெயரை எழுதுங்கள்" என்று நின்றது. வெறும் "ஆம்" போட்டால் நகராது. அதோடு, அக்கா முன்கூட்டியே இலக்கம் பதிந்த கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான் மடிகணினி இப்போது பதில் சொல்கிறது. அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நாலாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருங்க, இதுல சங்கத்துக் கணக்குப் போட்டு வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன்" என்று யாரையோ கூப்பிடப் போனார். அவர் வரும் வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அந்த ஒரு மணித்தியாலத்தை அக்கா ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரே மாதிரி பல கம்ப்யூட்டர்களுக்கு இயங்குதளம் போடத் தானியங்கி முறை மிக நல்லது. பயப்பட வேண்டாம். ஆனால் கேபிளை இணைக்கும் முன் அறையில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் நீங்களே போய்ப் பாருங்கள். பிரதி எடுக்க வேண்டியதைத் தேத்தண்ணிக்கு முன் எடுத்துவிடுங்கள், அல்லது தேத்தண்ணி முடியும் வரை உங்கள் மடிகணினியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். ரொட்டியை மறுக்காதீர்கள். கொஸ்லந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் திரும்பும் பஸ்ஸை முதலிலேயே விசாரித்துவிடுங்கள், மாலையில் குறைவு. நேரம் மிஞ்சினால் தியலும நீர்வீழ்ச்சி அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். எங்களுக்கு நேரம் மிஞ்சவில்லை.

ஜெயந்தி டீச்சர் கணிதத்தில் முதலில் திரும்ப எழுதியது சதவீதம். பழைய பாடத்தில் கடைக்காரர் ஒருவர் சட்டை விற்று இலாபம் பார்த்தாராம். புதிய பாடத்தில் ஒரு பெண் பறித்த கொழுந்தை, அவளுடைய கூலியைக் கணக்கிட நிறுக்கிறார்கள். ஈரத்துக்கு என்று கொஞ்சமும் சாக்குக்கு என்று கொஞ்சமும் கழிக்கிறார்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் கழிந்தது, அது நியாயமா என்று பாடம் கேட்கிறது. போன வாரம் நிலையத்தில் அதைத் திறந்து வைத்தபோது பிள்ளைகள் யாரும் போனை எடுக்கவில்லையாம். மாலையில் மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாமார்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒருவர் பின் ஒருவராக நின்று திரையைப் போட்டோ எடுத்தார்களாம். சரோஜா அக்காவுக்கு மட்டும் போனில் இடம் போதவில்லை. அவர் துஷாந்தியை உட்காரவைத்து, கணக்கைக் கொப்பியில் எழுதி எடுத்துவரச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.